ஒரு போத்தல் கள்ளுக்கு என்ன விலை தகும்?

தவறணையில் விலை கூடினால் முதலில் குரல் கொடுப்பவர் பழைய வாடிக்கையாளர்தான். "என்ன அண்ணை, மரத்திலை சும்மா வடியிற தண்ணிக்கு இவ்வளவு காசோ?" என்பார். நான் மரமேறிய காலத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்டேன். பிறகு பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்துத் தவறணையில் கணக்கெழுதிய காலத்திலும் கேட்டேன். இப்போது ஸ்கந்தபுரத்தில் தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தாலும் யாராவது ஒருவர் கேட்கிறார். ஒரே வசனத்தில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. கூடிய விலையில் நியாயமான பங்கும் இருக்கிறது, அநியாயமான பங்கும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டவேண்டுமானால் மரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பனை சும்மா வடிவதில்லை. தை பிறக்க ஆண்பனையில் பாளை தள்ளும். அதைக் கட்டி, தட்டுப்பொல்லால் பக்குவமாகத் தட்டி, நுனியைச் சீவி, நாட்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் முட்டியில் முதல் துளி விழும். பெண்பனை அதற்குப் பின்னால் வரும். ஆடி கழிய மரம் ஓய்ந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் காலையும் பின்னேரமும் ஏறியே ஆகவேண்டும். இடுப்பில் இயனக்கூடு, அதற்குள் பாளைக்கத்தி, காலில் தளைநார். ஐம்பது அறுபது அடி ஏறி, வட்டுக்குள் புகுந்து, கருக்கு மட்டை கிழிக்காமல் உடம்பை வளைத்து நின்று சீவவேண்டும். சீவி விழும் துண்டு வெங்காயத் தோல்போல இருக்கவேண்டும் என்பது ஐயா சொல்லித் தந்த அளவு. தடிப்பாகச் சீவினால் பாளை கெதியில் தீர்ந்துவிடும். ஒரு நாள் சீவாமல் விட்டால் வெட்டு வாய் காய்ந்து அடைத்துவிடும். காய்ச்சல், கலியாண வீடு, செத்த வீடு எதற்கும் மரம் லீவு தராது.

இறக்கிய பிறகு இன்னொரு ஓட்டம். பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு சீனி. காற்றிலும் முட்டியின் அடி மண்டியிலும் உள்ள நொதி மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மத்தியானம் இனிப்பும் புளிப்பும் கலந்து நுரைத்து நிற்கும். பின்னேரம் உறைப்பு ஏறும். அப்போது அதில் நாலைந்து வீதம் மதுசாரம் இருக்கும். அடுத்த நாள் அது வினாகிரியாகும் வழியில் போய்க்கொண்டிருக்கும். விற்க நமக்குக் கிடைப்பது அரை நாள். உலகத்தில் எந்த வியாபாரியும் இவ்வளவு குறுகிய ஆயுளுள்ள சரக்கை வைத்துக்கொண்டு நிம்மதியாக நித்திரை கொண்டதில்லை.

ஐயாவின் காலத்தில் மரவரி கட்டி மரத்தடியிலேயே விற்றார்கள். மரம் வேறொருவருடையது. குத்தகைக் காசு அவருக்கு, வரி அரசாங்கத்துக்கு, மிச்சம் எங்களுக்கு. குடிக்க வருபவர் விலையைத் தானே தீர்மானித்துப் பனையோலைப் பிளாவை நீட்டுவார். கடன் சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கடனைத் திருப்பிக் கேட்க எங்கள் சாதிக்கு வாய் இல்லை. தேத்தண்ணிக் கடையில் எங்களுக்குத் தனிப் பேணி இருந்த காலம் அது. அந்த நாளில் கள்ளு மலிவாக இருந்ததென்று பெரியவர்கள் ஆசையாகச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஏறியவனுக்குக் கூலி கொடுக்காவிட்டால் எந்தப் பொருளும் மலிவாகத்தான் இருக்கும்.

1972இல் கூட்டுறவுச் சங்கங்கள் வந்ததுதான் நான் கண்ட முதல் பெரிய மாற்றம். மரத்தடி விற்பனை போய்த் தவறணை வந்தது. சீவல் தொழிலாளி கள்ளை அளந்து கொடுத்தால் சங்கம் விலை போட்டுத் துண்டு எழுதும். ஐயாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தத் துண்டுகளை ஒன்றும் விடாமல் கட்டி வளையில் செருகி வைத்திருந்தார். சங்கத்தில் சேமிப்பு இருந்தது, விழுந்தவனுக்கு உதவி இருந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொப்பி வந்தது. கள்ளின் விலை கூடியது. குடிப்பவர்கள் முறுமுறுத்தார்கள். அந்த விலை உயர்வால்தான் எங்கள் வீட்டில் ஒருவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேனை பிடித்தான். அந்த ஒருவன் நான்.

1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. திக்கத்தில் வடிசாலை ஓடியது. மிஞ்சிய கள்ளைச் சாராயமாக வடிக்க வழி பிறந்தது. சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் மிஞ்சியதை என்ன செய்வது என்பதுதான் கள்ளு விலையின் பாதிக் கணக்கு. பௌர்ணமிப் போயா நாளில் நாடு முழுக்க மதுக்கடை பூட்டு, தவறணையும் பூட்டு. மரத்துக்குப் போயா தெரியுமோ? அன்றைக்கும் ஏறவேண்டும், சீவவேண்டும், இறக்கவேண்டும். சீவியவனுக்குக் காசும் கொடுக்கவேண்டும். வடிசாலைக்கு அனுப்ப வாகனம் கிடைக்காத நாளில் பீப்பாய் பீப்பாயாக வினாகிரிக்கு விட்டோம், அதுவும் முடியாத நாளில் மண்ணில் ஊற்றினோம். அந்த நட்டம் அடுத்த நாள் குடிப்பவரின் போத்தலில் ஏறும். கணக்கெழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், வேறு வழி இருக்கவில்லை.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்தபோது ஒரு புதுப் பாடம் படித்தோம். சீனி வராது. மண்ணெண்ணெய் வராது. வன்னி முழுக்கப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்தது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு புளிக்காது, கருப்பநீராக இறங்கும். காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் கள்ளு. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே ஆள். ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். பனங்கட்டி விலை ஏற ஏற, சீவல்காரர் தவறணைப் பக்கம் வருவது குறைந்தது. அவர்களைப் பிடித்து வைக்கச் சங்கம் கொள்விலையைக் கூட்டியது, விற்பனை விலையும் கூடியது. "குடிகாரனைச் சுரண்டுறியள்" என்று ஒருவர் என்னோடு சண்டை பிடித்தார். அவருடைய வீட்டிலும் அன்றைக்குப் பனங்கட்டிதான் வாங்கியிருப்பார்கள்.

1996இல் போரால் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது அக்கராயனும் ஸ்கந்தபுரமும் ஒரே கிழமையில் பட்டினமாயின. யாழ்ப்பாணத்திலிருந்து முந்திய வருசம் வந்தவர்களும் ஏற்கனவே இங்கே இருந்தார்கள். காணிக்குக் காணி கொட்டில், வீதியோரம் முழுக்கக் கடை. எங்கள் பக்கத்தில் பனை குறைவு. பூநகரி, பளைப் பக்கங்களில்தான் கூடல் கூடலாகப் பனை. பூநகரிப் பக்கத்திலிருந்து சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் கிடங்கு விழுந்த வீதியால் கலன்கள் வரும். குலுக்கலில் நுரை பொங்கி மூடி தெறிக்கும். அரைக்கலன் வீதிக்கே போய்விடும். குடிக்க ஆள் பத்து மடங்கு, வந்து சேரும் கள்ளு பழைய அளவு.

சீனிக் கள்ளு தலையெடுப்பதும் இப்படிப்பட்ட நேரத்தில்தான். நல்ல கள்ளில் தண்ணீர் விட்டு, இனிப்புக்கு எதையாவது கரைத்து, மண்டி சேர்த்துப் பொங்கவைத்து விற்பார்கள். தடைக்காலத்தில் சீனி தட்டுப்பாடென்பதால் எங்கள் பக்கம் தண்ணீர்தான் கூடுதலாக விளையாடியது. தடை நீங்கிய பிறகு சீனியும் சேர்ந்தது. சாராயம் வடிப்பதற்கே செயற்கைக் கள்ளுப் பாவிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு இலங்கை முழுக்கப் பல வருசமாக இருக்கிறது. குடித்துப் பழகியவருக்கு அது நாக்கில் தெரியும். முன்னுக்கு இனிப்பு அடிக்கும், பின்னுக்கு ஒன்றும் இராது. பனையின் மணமும், பன்னாடையால் வடித்த பிறகும் அடியில் கிடக்கும் பாளைப் பூவின் துகளும் அதில் இல்லை. விலை கூடிய சரக்குக்குத்தான் கலப்படக்காரர் வருவார்கள். சொத்தைச் சரக்கைக் கலப்பதற்கு யாரும் மினக்கெடுவதில்லை.

2009இல் போர் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது மரங்களை எண்ணிப் பார்க்கவே மனம் வரவில்லை. பங்கர் கட்டப் பனங்குற்றிதான் முதல் பொருள். தறித்தவை ஒருபுறம், செல் விழுந்து வட்டுப் போனவை ஒருபுறம். வட்டுப் போன பனை திரும்பத் தளிர்க்காது. விதை போட்டால் பாளை தள்ளப் பதினைந்து வருசமாவது போகும். பாளை வரும்வரை அது ஆணோ பெண்ணோ என்றும் தெரியாது. மீள்குடியேறிய கையோடு ஊன்றிய விதைகள் இப்போதுதான் தலையெடுக்கத் தொடங்கியிருக்கின்றன. இன்றைய கள்ளு விலையில் அந்தப் போரின் பங்கும் இருக்கிறது என்று சொன்னால் இளம் பெடியள் நம்புவதில்லை.

மரத்தை விடப் பெரிய தட்டுப்பாடு ஆள். எங்கள் ஆட்களில் மிஞ்சிய சீவல்காரர்களுக்கு அப்போதே வயது போய்விட்டது. பிள்ளைகள் மேசன் வேலைக்குப் போனார்கள், ஓட்டோ ஓடினார்கள், படித்தார்கள், வெளிநாடு போனார்கள். நான் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். மரமேறி என்ற பெயர் எந்த ஊரில் எப்படி உச்சரிக்கப்பட்டது என்பதைத் தெரிந்தவன் தன் மகனை ஏறு என்று சொல்லமாட்டான். ஒரு முறை எங்கள் சங்கத்தில் இளம் ஆள் ஒருவரைச் சேர்த்தோம். கெட்டிக்காரன். மூன்றாம் மாதம் வந்து, "அண்ணை, பொம்பிளை வீட்டுக்காரர் தொழிலைக் கேட்டிட்டு ஏலாது எண்டிட்டினம்" என்று சொல்லி இயனக்கூட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். கொள்விலையை எவ்வளவு கூட்டினால் அவனை மறித்திருக்கலாம்? அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டிலும் போடமுடியாது.

மரமேறும் இயந்திரங்களும் வந்து பார்த்தன. தண்டில் ஏற அவை உதவும். வட்டுக்குள் புகுந்து, மட்டைக்கு மட்டை மாறி நின்று சீவுவதற்கு இயந்திரம் இல்லை. ஒரு மரத்துக்குப் பூட்டிக் கழற்றும் நேரத்தில் பழகிய ஆள் இரண்டு மரம் முடித்து இறங்கிவிடுவார். விழுந்தவர்களையும் எனக்குத் தெரியும். மழை நனைந்த தண்டு, இற்றுப்போன மட்டை, அறுந்த தளைநார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வருடக்கணக்காகப் படுத்திருப்பவரின் வீட்டுக்குச் சங்கக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு, கள்ளு விலை கூட என்று சொல்ல வாய் வராது.

2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததோடு பூநகரிக் கள்ளுக்கு யாழ்ப்பாணம் பக்கமாகிவிட்டது. அதே காலத்தில் போத்தல் கள்ளும் பெருகியது. வடித்து, போத்தலில் அடைத்து, சுடுநீரில் வேகவைத்தால் நொதி செத்துவிடும். மாதக்கணக்கில் கெடாது. கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. போயா நட்டத்துக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் நொதியோடு நுரையும் உயிர்ப்பும் போய்விடும். போத்தல், மூடி, லேபல், பெட்டி, கப்பல் கூலி எல்லாம் சேர்ந்து விலை பல மடங்காகும். அதில் சீவியவனுக்குப் போகும் பங்கு, தவறணையில் விற்ற அதே கள்ளுக்குக் கிடைத்த பங்குதான். கூடிய காசு முழுக்கக் கண்ணாடிக்கும் கப்பலுக்கும்.

பிறகு 2022. எரிபொருளுக்கு வரிசை, பாணுக்கு வரிசை. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டி நின்றது. பியர் லொறி வராத நாட்களில் தவறணையில் நிற்க இடமில்லை. அடுத்த வருசம் தை மாதமே மதுவரியை 20 வீதத்தால் ஏற்றினார்கள். 2024 தையில் வற் வரி 18 வீதமானது. பியர் ரின் கூலிக்காரனின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. கள்ளுக்கு வரிச்சுமை அவ்வளவு இல்லை. ஆனால் சீவுபவனும் அரிசி வாங்கத்தானே வேண்டும்? கொள்விலை ஏறியது, விற்பனை விலை ஏறியது. ஏறியும் பியரின் விலையில் பாதிக்கும் குறைவாகவே நின்றது.

அந்த ஏற்றத்தில் கெட்டதும் நடந்தது. கள்ளுக்கும் காசு காணாதவன் கசிப்புக்குப் போனான். காட்டோரங்களில் வடித்த சரக்கு, என்ன போட்டார்கள் என்று கேட்க ஆளில்லாத சரக்கு. விலையைக் கூட்டினால் குடி குறையும் என்று மேடையில் சொல்பவர்கள் கிளிநொச்சிப் பக்கம் ஒருமுறை வந்து பார்க்கலாம். குடியால் எரிந்த வீடுகளையும் நான் மறைக்கவில்லை. சம்பள நாளில் பின்னேரம் தவறணை வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்களைக் கண்டிருக்கிறேன். உள்ளே போய், "தம்பி, மனுசி நிக்கிறா, காசைக் குடுத்திட்டு வந்து குடி" என்று சொல்லியும் இருக்கிறேன். சிலர் கேட்டார்கள்.

போன கோடையில் ரொறன்ரோவிலிருந்து மருமகன் வந்தான். முதல் பிளாவைக் குடித்துவிட்டு, "மாமா, இதை அங்கை வித்தா ரின்னுக்கு அஞ்சு டொலர் குடுப்பாங்கள்" என்றான். அங்கே சிறு பியர் ஆலைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றனவாம். கிராஃப்ட் பியர் என்பார்களாம். 473 மில்லிலீற்றர் ரின். விலை வருசா வருசம் ஏறுகிறது, தகுமோ தகாதோ என்று குடிப்பவர்கள் அங்கேயும் அடிபடுகிறார்களாம். காரணங்களைக் கேட்டேன். பார்லி விலை, அலுமினிய ரின், குளிரறைக்கு மின்சாரம், கட்டட வாடகை. உக்ரைன் போருக்குப் பிறகு தானியமும் எரிசக்தியும் ஒன்றாக ஏறின. பெரிய ஆலை தொன் கணக்கில் வாங்கி விலையைக் குறைக்கும், சிறிய ஆலைக்கு அந்த வசதி இல்லை. கசப்புக் கூடிய ஐபிஏ வகைக்கு ஹொப்ஸ் பூ பல மடங்கு போடவேண்டும். அமெரிக்காவில் 2024இல் புதிதாகத் திறந்த சிறு ஆலைகளை விட மூடியவை அதிகம். இவ்வளவு விலைக்கு விற்றும் மூடுகிறார்கள் என்றால் இலாபம் அங்கே குவிந்து கிடக்கவில்லை என்று விளங்கியது.

அவன் சொன்ன இன்னொன்று மனதில் நின்றது. ரொறன்ரோவில் 2002இல் சிறிதாகத் தொடங்கிய மில் ஸ்ட்ரீட் ஆலையை 2015இல் லபாட் வாங்கிவிட்டது. லபாட் உலகத்தின் மிகப் பெரிய பியர் நிறுவனத்தின் கிளை. கடைத் தட்டில் அதே பெயர் நிற்கும். குடிப்பவர் சிறு ஆலையை வாழவைக்கிறேன் என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுப்பார், காசு வேறு இடத்துக்குப் போகும். எங்கள் பக்கத்திலும் பனை மரப் படம் போட்ட எல்லாப் போத்தலும் சீவல்காரனுக்குச் சோறு போடுவதில்லை.

ஐந்து டொலரும் சரி, தவறணை விலையும் சரி, நான் பார்க்கும் கணக்கு ஒன்றுதான். கூடிய காசு செய்தவனின் கைக்குப் போகிறதா? குடிக்கும் பொருள் சொன்ன பொருள்தானா? போய்ச் சேரும் நேரத்தில் அது நன்றாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் விலை தகும். ஒன்று பிழைத்தாலும் நீங்கள் லேபலுக்குக் காசு கொடுக்கிறீர்கள். பெட்டியில் வந்து மாதக்கணக்காகத் தட்டில் இருந்த விலைகூடிய பியரும், சுடவைத்து உயிர் போன போத்தல் கள்ளும் எனக்கு ஒன்றுதான். ஊர் நினைவுக்காக வாங்குங்கள், ருசிக்காக வாங்காதீர்கள்.

தவறணைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். விலைப்பலகையைப் பார்த்து முகாமையாளரோடு மல்லுக்கு நிற்பதை விட, இந்தப் போத்தலில் சீவியவருக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். கூட்டுறவுச் சங்கமென்றால் அதைக் கேட்பதும் நியாயம், சொல்வதும் நியாயம். காலையில் இறக்கியதா என்று கேளுங்கள். வீட்டில் பிள்ளைக்குப் பால்மா வாங்கக் காசில்லாத நாளில் எந்தக் கள்ளும் எந்த விலைக்கும் தகாது, அன்றைக்கு வராதீர்கள். காணி உள்ளவர்கள் வேலியோரம் பனை விதை ஊன்றுங்கள். ஏறியவனுக்கு அவன் உழைப்பின் விலை கிடைக்குமட்டும், இப்போதைய விலைக்கு மேல் இன்னும் கொஞ்சம் கூடினாலும் நான் கூட என்று சொல்லமாட்டேன்.